பிள்ளைகள் வைத்த மூன்று காவல்

கடல் பார்த்த தெருக்களில் கடைசித் தெரு, அந்தத் தெருவில் பச்சைக் கதவு வீடு, அந்த வீட்டில் தெருப்பக்கத்து அறையில் மட்டும் ஒரு மணி நேரம் போவதற்குள் வெளியே ஒரு வாரம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்களும் உட்காருங்கள், இடம் இருக்கிறது. அந்தத் தெருவில் இதை நம்பாதவர் ஒருத்தரும் கிடையாது, ஏனென்றால் தெருவில் பாதிப்பேர் வீட்டு மீன் அந்த அறையில்தான் இருந்தது.

வீடு இன்னாசியம்மாவுடையது. அவள் புருஷன் கஸ்பார், தோணித் தண்டல். பாய் கட்டின தோணிக்கு யார் தலைவனோ அவனைத்தான் தண்டல் என்பார்கள். முப்பது வருஷம் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் உப்பும் ஓடும் வெங்காயமும் ஏற்றிப்போய், ஒரு மூட்டை நனையாமல் இறக்கிவிட்டுத் திரும்பிய மனுஷன், இப்போது நெஞ்சில் நீர் கோத்துக் கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகள் மூணு பேர். மூத்தவன் ரெஜிஸ் சிங்கப்பூரில், நடுவுள்ளவன் பிரிட்டோ குவைத்தில், கடைக்குட்டி ஜெனோவா அயர்லாந்தில் நர்ஸ். அப்பாவும் பிள்ளைகளும் முகம் பார்த்துப் பேசட்டும் என்று கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கு எதிரே மேசை போட்டு வைத்திருந்தாள் இன்னாசி.

இன்னாசிக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மூணு பிள்ளைகளும் மூணு சேலை அனுப்புவார்கள். மூத்தவன் சேலையை ராத்திரிப் பூசைக்கு உடுத்துவாள், நடுவுள்ளவன் சேலையைக் காலையில் உடுத்துவாள், மகள் சேலையைச் சாயங்காலம் உடுத்துவாள், மூணிலும் படம் பிடித்து மூணு பேருக்கும் அனுப்புவாள். ஒரு பிள்ளை கொடுத்ததை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு பிள்ளை கொடுத்ததைக் கட்டிக்கொள்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. அந்தச் சாமர்த்தியம் இல்லாததால்தான் எல்லாம் நடந்தது.

ஒரு தடவை கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மைப் படமெல்லாம் கோழி கிளறின மாதிரி எழுத்தாகிவிட்டது. சேதி கேட்ட ரெஜிஸ் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே இங்கே அம்பு தானாக நகர நகர, ஒரு ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தான். திரையின் மூலையில் கேடயம் போல ஒரு படம் வந்து உட்கார்ந்தது. அடுத்த லீவில் வந்த பிரிட்டோ அதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் போட்டது பழசும்மா, கள்ளன் போன பெறகு கதவடைக்கும்" என்று தன் பங்குக்கு இன்னொன்றைப் போட்டான், அம்மா வாசிக்கத் தோதாக எழுத்தெல்லாம் தமிழில் மாற்றினான். கேடயத்துக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு வந்தது. ரெண்டும் ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டாலும் எப்படியோ காலம் தள்ளின. கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

பிறகு ஆனி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. காலையில் டாக்டரம்மா வந்து கஸ்பாரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னாசியை அடுக்களைக்குக் கூட்டிப்போய், "மூணு நாள் தாங்கும்மா. பிள்ளைகளுக்குச் சொல்லிருங்க" என்றாள். இன்னாசி சொன்னாள். மூத்தவனுக்குக் கப்பல்துறையில் பெரிய வேலை ஒன்று முடிகிற நேரம், நடுவுள்ளவனுடைய பாஸ்போர்ட் முதலாளி கையில், மகளுக்கு மாற்று ஆள் கிடைக்கவேண்டும். "பாக்கேன்மா", "பாக்கேன்மா", "பாக்கேன்மா" என்று மூணு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அன்று மத்தியானம் மூணு மணிக்கு ஜெனோவா மறுபடியும் கூப்பிட்டாள். அப்பா பக்கத்தில் இருந்து எதையும் செய்ய முடியாதவள், எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில் இருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு அனுப்பியிருக்கேன். நல்ல ஆன்டிவைரஸ். அப்பாவப் பாக்குற நேரம் அது நின்னுபோவக் கூடாதுலா. பச்சக் கட்டம் தெரியுதா?"

"தெரியுதுட்டி."

"அத அமுக்குங்க. இப்பம் என்ன சொல்லுது?"

இன்னாசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள். 'இந்தக் கணினியில் வேறு இரண்டு பாதுகாப்பு நிரல்கள் உள்ளன. அவற்றை நீக்கிவிட்டுத் தொடரவா?' என்று கேட்டிருந்தது. கீழே ரெண்டு கட்டம். ஒன்றில் 'நீக்கு', ஒன்றில் 'இப்படியே தொடர்'. நீக்கு என்ற சொல்லை ரெண்டு தடவை வாசித்தாள். ரெண்டு மகன்கள் வைத்ததை எடுத்துவிட்டு மகள் வைத்ததை வைப்பதா?

"என்னம்மா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மக்கா" என்றாள், 'இப்படியே தொடர்' என்பதை அமுக்கினாள். மூலையில் கேடயத்துக்கும் பூட்டுக்கும் பக்கத்தில் ஒரு கண் வந்து திறந்துகொண்டது.

மகளிடம் பேசி முடித்துவிட்டு, புருஷனின் நெற்றியைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்து, ஒரு கால் மணி நேரம் காலைப் பிடித்துவிட்டுத் தேயிலை போடலாம் என்று இன்னாசி அறையைவிட்டு வெளியே வந்தாள். வந்தால் கோயில் மணி அடிக்கிறது. அடுக்களையில் பால் திரிந்து, புளித்து, மேலே ஏடு பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. கொல்லை வாசலில் எதிர்வீட்டு ஜசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சித்தி, ரெண்டு நாளா சன்னல்வழியா பாக்கேன், நீங்களும் சித்தப்பாவும் படம் பிடிக்க உக்காந்த மாதிரி அசையாம இருக்கிய. செபம் பண்ணுதியன்னு தொந்தரவு பண்ணல. பூசைக்கு வரலியா?"

"வெள்ளிக்கெழம ஏது பூச?"

"வெள்ளியா? இன்னைக்கு ஞாயிறு சித்தி."

இன்னாசி திரும்பி அறையைப் பார்த்தாள். உள்ளே சுவர்க் கடிகாரம் மூணேகாலைக் காட்டியது. மேலே சுற்றிய மின்விசிறியின் மூணு இறக்கைகளும், நடக்கப் படிக்கிற நாரைகள் மாதிரி, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கஸ்பார் அவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சிரிப்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கோயிலில் முதல் பாட்டு முடிந்து வாசகம் தொடங்கிவிட்டது.

கம்ப்யூட்டர் கடை டைட்டஸை அழைத்துவந்தார்கள். நாற்பத்தைந்து வயசு, கடைவீதியில் எல்லார் வீட்டுப் பெட்டிக்கும் அவன்தான் வைத்தியன். வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவன் கடையில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

"அத்த, இது வேற ஒண்ணுமில்ல. மூணு காவலும் ஒண்ண ஒண்ணு சந்தேகப்படுது. உள்ள வாரத மூத்தது சோதிக்கும், மூத்தது சோதிச்சத நடுவுள்ளது சோதிக்கும், அத எளையது சோதிக்கும், எளையதுக்குச் சந்தேகம் வந்து மறுபடி மூத்ததுட்ட அனுப்பும். கம்ப்யூட்டருக்குள்ள சோதிச்சு முடிச்சிட்டு இப்பம் ரூமுக்குள்ளயும் சோதிக்கி. காத்து, வெளிச்சம், மாமா விடுற மூச்சு, எல்லாம் மூணு வாசல் தாண்டித்தான் போவணும். ஒரு வீட்டுக்கு ஒரு காவல் போதும் அத்த. எதாச்சும் ரெண்ட எடுத்துருங்க."

"எந்த ரெண்ட?"

"அது உங்க இஷ்டம்."

"எடுத்தா?"

"எடுத்தா பழையபடி ஓடும்" என்றான் டைட்டஸ். சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தான். டாக்டரம்மா சொன்ன மூணு நாளில், வெளியே ரெண்டு நாள் போனதற்குக் கஸ்பார் கால் மணி நேரம்தான் செலவழித்திருந்தார்.

"கெடக்கட்டும்" என்றாள் இன்னாசி.

அப்படித்தான் அந்த அறை அப்படியே கிடந்தது, தெருவும் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. முதல் வாரம் சன்னலில் கூட்டம் நின்றது, ரெண்டாம் வாரம் பாதியானது, மூணாம் வாரம் அலுத்துப்போனது. விசிறி சுற்றுவதை ஒரு ஜனம் எத்தனை நாள் பார்க்கும்? டாக்டரம்மா சன்னலருகே நாற்காலி போட்டு, கஸ்பாரின் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்குவதைப் பார்த்து எழுதிக்கொண்டு, நடுவில் ஒரு தேயிலையும் குடித்துவிட்டு, "சீராத்தான் இருக்கு" என்று போனாள். அவர் இருமினால் அது சங்கு ஊதுகிற மாதிரி அஞ்சாறு நிமிஷம் தெருவெல்லாம் உருண்டது. புதுசாக வந்தவர்கள் துறைமுகத்துக்கு ஏதோ கப்பல் வருகிறது என்று நினைத்தார்கள். பங்குச்சாமியார் சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க உள்ளே போய், ஒரு செபத்தையும் விடாமல் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு எண்ணெய்ச் செப்போடு வெளியே வந்தபோது, மறுநாள் காலைக் கல்யாணத்துக்கு வந்த பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில் படியில் மாலை வாடக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் சன்னலுக்கு வெளியே நின்றே ஆசீர்வாதம் செய்தார். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று டைட்டஸுக்கு ஒரு கவலை இருந்தது. பத்து மணி நேரம் கரண்ட் போன நாளில் அந்தக் கவலையும் தீர்ந்தது. உள்ளே அது மூணரை நிமிஷம்தான், மேசைக்கடியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மீனை முதலில் வைத்தது ஜசிந்தாவின் மாமியார். ஐஸ் பெட்டி பழுதான அன்று, ஒரு கூடை சாளையைக் கயிற்றில் கட்டி, நடைப்பக்கத்து வாசல்வழியாக அறைக்குள் தள்ளிவிட்டாள். ஒன்பதாம் நாள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கூடை வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் சாளை அப்போதுதான் கரையேறின மாதிரிக் கண் மின்னிக் கிடந்தது. பிறகு கேட்க வேண்டுமா? இவள் சீலா, அவள் விளமீன், கல்யாணத்துக்கு வாங்கின மல்லிகை, ஊருக்குப் போகிறவர்கள் அரைத்துவைத்த மாவு என்று வாசலோரம் கூடைகள் சேர்ந்தன. இன்னாசி எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டில் பக்கம் மட்டும் ஒரு கூடையும் போகக் கூடாது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

அவள் உள்ளே போவது வாரம் ஒரு தடவை. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கஞ்சியும் மருந்தும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், அஞ்சே நிமிஷம் இருந்துவிட்டு வந்தால், வெளியே இருட்டி ராத்திரி ஒன்பது மணி ஆகியிருக்கும். அவருக்கோ மணிக்கொரு தடவை பெண்டாட்டி வந்துபோகிறாள், அவ்வளவுதான். ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் இன்னாசி ஆறு நாள் சன்னலண்டை உட்கார்ந்து, மீன் அரிந்து, வலைக்காரர்களுக்குச் சோறு பொங்கி, பல்வலிக்கு வைத்தியம் பார்த்து, வாரத்துக்கு வாரம் இப்படியே ஒரு மழைக்காலத்தையும் ஒரு புயலையும் கடந்து, புருஷன் கண் மெல்ல மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போன் போடுவார்கள். கம்ப்யூட்டரில் அப்பா முகம் அசையாமல் நிற்கும்.

"நெட்டு ஸ்லோம்மா. ஆனா அப்பா நல்லாத்தான் இருக்காவ, சிரிச்ச மொகமா இருக்காவ" என்பான் ரெஜிஸ். "மூணு நாளுன்னாவ, இப்பம் மூணு மாசம் ஆயிட்டு. டாக்டருக்கு என்ன தெரியும்? கிறிஸ்துமஸுக்கு வாரேன்மா."

கிறிஸ்துமஸ் வந்தது, மூணு சேலை வந்தது. "ஈஸ்டருக்கு வாரேன்மா" என்றான் பிரிட்டோ. "அப்பாதான் எங்கயும் போவலியே" என்றாள் ஜெனோவா, அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி இன்னாசிக்குக் காதில் முள் மாதிரித் தைத்தது.

ஜசிந்தாவின் புருஷன் கப்பலில் வேலை செய்கிறவன். அவன் வர இன்னும் ஏழு வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் அவள் வந்து நின்றாள்.

"சித்தி, நான் உள்ள போய் இருந்துக்கட்டா? ஏழு மணி நேரம்தான். எறால் உரிச்சிக்கிட்டே இருந்தா போயிரும். என்னால முடியல சித்தி, ஒவ்வொரு நாளும் இழுக்கு."

"புள்ள?"

"அத்த பாத்துக்கிடுவாவ."

போனாள். கஸ்பார் அவளுக்குத் தன் தோணிக் கதையெல்லாம் சொன்னார், அவள் கூடை நிறைய எறால் உரித்தாள், ஏழு மணி நேரத்தில் எழுந்து வெளியே வந்தாள். அன்று காலையில்தான் அவள் புருஷன் வந்து இறங்கியிருந்தான், தெருவே கைதட்டியது. அவள் கையை நீட்டிக்கொண்டு பிள்ளையிடம் ஓடினாள். அவள் விட்டுப்போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவன், நாலு அடி தத்தித்தத்தி நடந்துபோய்ப் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் புருஷன் கொண்டுவந்த புதுச்சேலையைக்கூடப் பிரிக்காமல் ஜசிந்தா இன்னாசியின் அடுக்களையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "மொத அடி வச்சத நான் பாக்கல சித்தி. எறால் உரிச்சிட்டிருந்திருக்கேன்."

இன்னாசி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவின கை பாதியில் நின்றுவிட்டது.

நாற்பத்துநாலாவது ஞாயிறு அவள் கஞ்சியோடு உள்ளே போனபோது, கஸ்பார் கஞ்சியை வாங்கவில்லை. அவளையே மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி இன்னாசி, மணிக்கொரு சேல மாத்துத?"

"வேர்க்குல்லா."

"வேர்த்தா மூக்குக்கண்ணாடியும் மாறுமா? போன தடவ வந்தப்பம் முன்பல்லு இருந்துச்சு. முந்தாநேத்து ஒனக்கு நெத்திக்கு மேல மட்டுந்தான் நரை. சன்னல்ல இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வாரத எங் கண்ணுக் கோளாறுன்னுல்லா நெனச்சேன்." தண்டலாக இருந்தவருக்கு அலையின் நிறத்தைப் பார்த்து நாளைக் கணக்கிடத் தெரியும், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக் கணக்கிட எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயிறு."

"நான் எப்பம் கேட்டாலும் ஞாயிறாவே இருக்கே. மாசம்?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "சித்திர" என்றாள்.

கஸ்பார் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே வெயில் சன்னலைத் தாண்டிப் போய்விட்டது.

"புள்ளையள் எங்கட்டி?"

"வாராவ. லீவு கெடைக்கணும்லா."

"நான் போறேன்னா வருவாவ. நான்தான் போவமாட்டேங்கேனே, பெறகு எதுக்கு வரணும்?" கோபமாகச் சொல்லவில்லை, காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "எனக்கு இது ரெண்டாவது நாளு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஒனக்கு எத்தன நாளாச்சு?"

"எண்ணலங்க" என்றாள் இன்னாசி. அவள் எண்ணியிருந்தாள், முந்நூற்று மூணு. "காவல எடுத்தா ஒங்களுக்கு ஒரு நாளுதான் இருக்கும்."

"ஒரு நாளு நல்ல நாளா இருந்தாப் போதும்ட்டி. நீயும் அதுல இருக்கணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசமா வந்துட்டுப் போவாத."

அவள் வெளியே வந்து அன்று ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் மூணு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டாள். அறைக்குள் நேரம் மெதுவாகப் போகிற கதையை முதல் தடவையாகச் சொன்னாள், பிறகு கல்யாணத்துக்குத் தேதி சொல்கிற மாதிரியே சொன்னாள்: வருகிற மாசம் கடைசி ஞாயிறு, ரெண்டாம் பூசை முடிந்ததும், அப்பாவுக்கு வைத்திருக்கிற காவலை எடுக்கப்போகிறேன். பார்க்கிறவர்கள் வந்து பாருங்கள்.

"அம்மா, அப்பிடிச் செஞ்சா..." என்றான் ரெஜிஸ்.

"ஆமா."

"ரெண்டு மூணு மாசம் தள்ளி வச்சா என்னம்மா? எனக்கு ஆகஸ்ட்ல..."

"நீ பொறந்தப்ப ஒங்கப்பா நடுக்கடல்ல இருந்தாவ. பாயைத் திருப்பிட்டு வந்தாவ. சரக்குக்காரன் ஏசினான். நீ ஒன் வேலையப் பாரு, நான் கோவிக்க மாட்டேன். ஆனா தள்ளி வைக்க மாட்டேன்."

பிரிட்டோ, முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்குகிறேன் என்று போனை வைத்தான். ஜெனோவா, "நான் நர்ஸும்மா, எங்கைல எத்தனையோ பேரு போயிருக்காவ, அப்பாவுக்கு மட்டும் என்னால முடியாது" என்று அழுதாள். "அதுக்குத்தான்ட்டி வரச் சொல்லுதேன்" என்றாள் இன்னாசி.

வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூணு டாக்ஸி, மூணு பெட்டி. தெருக்காரர்கள் அன்றே தங்கள் கூடைகளை இழுத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே நாலு பேர் உள்ளே போய் மூணே நிமிஷத்தில் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்புக் கோட்டையும் அழித்தார்கள். ஞாயிறு ரெண்டாம் பூசை முடிந்து இன்னாசியும் மூணு பிள்ளைகளும் அறைக்குள் போக, சன்னலுக்கு வெளியே தெரு பாயை விரித்து உட்கார்ந்தது. உள்ளே அரை மணி நேர வேலை என்றால் வெளியே ரெண்டு மூணு நாள் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுப்பும் அண்டாவும் கொண்டுவந்திருந்தார்கள்.

"வந்தாச்சா?" என்றார் கஸ்பார். முந்தாநாள்தான் போனில் பேசினவர்களைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "ஏல ரெஜி, தல வழுக்கையாயிட்டே. பிரிட்டோ, தொப்பய உள்ள இழு. என் குட்டி, நீ என்னத்துக்கு அழுத?"

பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி மண்டியிட்டார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் மூணு பேருக்கும் மூலையில் இருந்த மூணு படமும் ஒன்றாகக் கண்ணில் பட்டது.

"மூணயுமா வச்சிருக்கிய?" என்றான் ரெஜிஸ். "நான் வச்சது இருக்கையில இவன் எதுக்கு..."

"ஒன்னது வேல செஞ்சா நான் எதுக்குல வைக்கேன்?"

"ரெண்டு பேரும் வச்சது எங்கிட்ட யாரு சொன்னா?" என்றாள் ஜெனோவா.

"நான்தான் சொல்லல" என்றாள் இன்னாசி. "யாரத எடுக்கன்னு எனக்குத் தெரியல. நீங்களே ஒங்கையால எடுங்க."

ரெஜிஸ் எழுந்துபோய் உட்கார்ந்தான். தன் கேடயத்தை அமுக்கினான். திரை கேட்டது: 'நிச்சயமாக நீக்கவா? இனி உங்களைக் காக்க நாங்கள் இருக்க மாட்டோம்.' அவன் விரல் அந்தக் கேள்வியின் மேல் நின்றது. சன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, சிவந்து, கறுத்து, மறுபடி வெளுத்தது. தெரு ஒரு தடவை சாப்பிட்டுத் தூங்கி எழுந்தது. அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். "அமுக்குல" என்றார் கஸ்பார், மெதுவாக. அமுக்கினான். விசிறி ஒரு சத்தம் போட்டுக் கொஞ்சம் வேகம் பிடித்தது. பிரிட்டோ அண்ணனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான், கேள்வியை வாசிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு ஒரே அமுக்கு. பிறகு எழுந்து சுவரோடு நெற்றியை வைத்துக்கொண்டான்.

விசிறி சுற்றியது. இறக்கை தெரியாமல் சுற்றியது. இத்தனை நாளாகக் கொசு மாதிரிக் கீச்சென்று கேட்ட கோயில் மணி, மணியாகவே கேட்டது, ஆட்டோ ஆட்டோவாகக் கேட்டது, சன்னலுக்கு வெளியே தெருவின் நாற்பது முகங்கள் ஒன்றாக மூச்சு விட்டன. அதோடு, பதினோரு மாசமாக மூணு வாசலில் நின்று சோதனைக்குக் காத்திருந்த மீன்வாடை முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது.

"ஏட்டி," என்றார் கஸ்பார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தெரு மீனையெல்லாம் எந்தலமாட்டுலயா வச்சிருந்திய?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனோவா மட்டும் திரையின் முன்னால் உட்கார்ந்து, கண் போலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியலம்மா."

இன்னாசி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒன்னது கெடக்கட்டும்ட்டி. வீட்டுக்கு ஒரு காவல் வேணும்லா. டைட்டசும் அதத்தான் சொன்னான்." ரெண்டு மகன்களையும் பார்த்தாள். முகம் கோணுமோ என்று பயந்துதான் பார்த்தாள். ரெஜிஸ் தங்கச்சியின் தலையில் ஒரு குட்டு வைத்தான். "கடக்குட்டிக்கு எப்பமும் சலுகதான்" என்றான் பிரிட்டோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வெளியே அது திங்கட்கிழமைச் சாயங்காலம். அன்றைய நாள் எல்லார் வீட்டு நாளையும் போலவே போனது. கஸ்பார் விளமீன் குழம்பில் ரெண்டு வாய் சாப்பிட்டு உப்பு குறைவு என்றார். மகன்களை அருகே உட்காரவைத்து அவர்கள் செய்கிற வேலையைப் பற்றிக் கேட்டார், பாதி புரியாமலே தலையாட்டினார். மகள் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது, "இன்னைக்கு நர்சு வேண்டாம், மகதான் வேணும்" என்று கருவியை எடுத்து வைக்கச் சொன்னார். சன்னல்வழியாக ஜசிந்தா பிள்ளையைக் காட்ட, அவனுக்குக் கை அசைத்தார். கை சடாரென்று அசைந்ததில் பிள்ளை பயந்து, பிறகு சிரித்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடானதும், பிரயாணக் களைப்பில் பிள்ளைகள் மூணு பேரும் பக்கத்து அறையில் சின்ன வயசில் கிடந்த மாதிரியே ஒரே பாயில் குறுக்கும் மறுக்கும் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இன்னாசி பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்தாள்.

"இங்க வா" என்றார் கஸ்பார். "இப்பிடிக் கீழ உக்காரு. தலயக் கட்டில்ல வை."

"என்னத்துக்கு?"

"தூங்கு."

"ஒங்கள விட்டுட்டா?"

"தோணியில ராக்காவல் மாத்துவோம். ஒருத்தன் பாத்து முடிச்சாம்னா அடுத்தவன் வந்து தோளத் தொடுவான். தொட்டாச்சுன்னா அவன் பேசாமப் போய்ப் படுத்துக்கிடணும், கடலுக்கு இனி இவன் பொறுப்பு." அவர் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார். "ஒரு வருசம் நீ ஒத்தையில பாத்துட்ட. இப்பம் எம்மொற. நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு."

பதினோரு மாசத்தில் முதல் தடவையாக இன்னாசிக்குத் தூக்கம் வந்தது. கட்டில் விளிம்பில் கன்னத்தை வைத்தாள். அவர் கை தோளிலிருந்து தலைக்கு ஏறி, நரைத்த முடியை ஒதுக்கி, அங்கேயே நின்றது. அந்தக் கனத்தோடு அவள் தூங்கிப்போனாள். கனவு இல்லை, ஒன்றும் இல்லை, நல்ல தூக்கம்.

விழிப்புத் தட்டியபோது சன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பக்கத்து அறையில் பிள்ளைகளின் குறட்டை கேட்டது. தலைமேல் கை அப்படியே இருந்தது, ஆனால் வேறு மாதிரிக் கனத்தது. இன்னாசிக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும், தெருவுக்குச் சொல்ல வேண்டும், கோயிலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். எழுந்தால் அந்தக் கை நழுவிவிடும் என்று, இன்னும் கொஞ்ச நேரம், தூங்குகிறவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.